ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் எச்சிலில் கார்டிசால் பார்ப்பது: எந்த நேரம் எடுப்பது, வெற்றிலைக்கு என்ன செய்வது?

கேட்டவர்: கம்பம் மலர்

எல்லாருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் கம்பம், கூடலூர் பக்கமிருந்து தினமும் ஜீப்பில் மெட்டு என்ற மலைப்பாதை ஏறி, கேரளத்தின் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் 20 பேரிடம் மன அழுத்தத்தை அளக்க ஒரு சிறிய ஆய்வு வைத்திருக்கிறோம். நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்துவிட்டது. மலை மேலே போய் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது நடக்காது. ஊசியைப் பார்த்தாலே மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறும் என்பது வேறு. அதனால்தான் எச்சில்.

அவர்களுடைய நாள் இப்படி: விடியற்காலை 4 மணிக்கு எழுந்து சோறு பொங்கி, 6 மணிக்குள் ஜீப். 8 மணிக்கு வேலை தொடக்கம். 1 மணிக்குச் சாப்பாடு. 4 மணி வாக்கில் காய் எடை போடுவார்கள். பேச்சும் பதற்றமும் அதிகம் இருப்பது அந்த நேரத்தில்தான். இருட்டும்போது வீடு. 9:30க்குப் படுக்கை.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 டியூப், இரண்டு நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எழுந்தவுடன், 30 நிமிடம் கழித்து, மதியம், இரவு என்று எடுக்கலாமா? பாதிப் பேர் வெற்றிலை போடுபவர்கள், சிலர் புகையிலையும் சேர்த்து. அவர்களை விட்டுவிட்டால் வயதான பெண்கள் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள். மேலே ஃப்ரீசர் கிடையாது. மாதிரிகள் மாலையில்தான் கீழே இறங்கும். கார்டிசால் மட்டும் போதுமா, எச்சில் நொதியான அமைலேஸும் பார்க்க வேண்டுமா? கடைசியாக, எந்த அளவுக்கு மேல் போனால் "அழுத்தம் அதிகம்" என்று எழுதலாம்?

பதில் 1: முல்லையாறு

மலர், நேரத்திலிருந்து தொடங்குகிறேன். எச்சில் கார்டிசாலில் பாதி அளவீடு கடிகாரம்தான். தூங்கி எழுந்து 30 முதல் 45 நிமிடத்துக்குள் ஒரு உச்சம் வரும். பிறகு நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். காலை உச்சத்துக்கு அருகில் 10 நிமிடம் பிந்தினால்கூட எண் மாறும். 'காலை' என்று மட்டும் எழுதிய டியூப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நீங்கள் சொன்ன "எழுந்தவுடன், 30 நிமிடம் கழித்து" என்பது விழிப்பு ஏற்றத்தை, அதாவது கண் விழித்ததும் கார்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்பதை, அளக்கும் முறை. 2016இல் வந்த நிபுணர் குழு வழிகாட்டுதல் அதற்குக் குறைந்தது மூன்று டியூப் கேட்கிறது: 0, 30, 45 நிமிடம். எழுந்த நேரத்தையும் டியூப் எடுத்த நேரத்தையும் ஆள் வாயால் சொன்னால் போதாது, கருவி சாட்சி வேண்டும் என்றும் சொல்கிறது. 4 மணிக்கு அடுப்பு மூட்டும் பெண் முதல் டியூப்பைப் படுக்கையிலேயே எடுப்பாரா, உலை வைத்துவிட்டு எடுப்பாரா? 15 நிமிடம் தள்ளி எடுத்தால் முதல் டியூப்பே ஏற்றத்தின் நடுவில் நிற்கும். ஏற்றம் இல்லாத மாதிரி தெரியும். அதை "சோர்ந்துபோன உடம்பு" என்று எழுதிவிடுவார்கள். இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு இதுதான்.

உங்கள் கேள்வி எடை போடும் நேரத்தைப் பற்றியது என்றால் விழிப்பு ஏற்றத்தை விட்டுவிடுங்கள். 4 டியூப்பை இப்படிப் பிரியுங்கள்: எழுந்தவுடன் ஒன்று, எடைக்குச் சற்று முன்னால் ஒன்று, எடை தொடங்கி 25 நிமிடத்தில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. 25 நிமிடம் ஏன் என்றால், மூளை அபாயம் என்று உணர்ந்ததும் செய்தி பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கிருந்து அட்ரினல் சுரப்பிக்குப் போய், கார்டிசால் சுரந்து எச்சிலுக்கு வந்து சேர நேரம் ஆகும். உச்சம் தெரிவது நிகழ்ச்சி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடத்தில். எடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தால் அரை மணி நேரத்துக்கு முந்தைய கதைதான் டியூப்பில் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலை 4 மணிக்குக் கார்டிசால் இயல்பாகவே இறங்கிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எண்ணும் ஒரே அளவாக இருந்தால் "மாற்றமில்லை" என்று எழுதாதீர்கள். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நின்றால் அதுவும் ஏற்றம்தான். இதைப் பிடிக்க வேண்டுமென்றால், வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே 4 மணிக்கும் 4:25க்கும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆக இரண்டு வேலை நாள், ஒரு ஓய்வு நாள். ஒரே வேலை நாளை நம்பாதீர்கள். முந்தின இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த நாள் எண் முழுக்க அதைத்தான் சொல்லும்.

எழுந்த நேரத்துக்குச் சாட்சியாக விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். கண் விழித்ததும் உங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால், டியூப்பை மூடியதும் இன்னொரு மிஸ்டு கால். உங்கள் போனில் நிமிடக் கணக்கோடு பதிவாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது கைவந்த வேலை. முதல் மிஸ்டு காலுக்கும் இரண்டாவதுக்கும் 10 நிமிடத்துக்கு மேல் போனால் அந்த டியூப்பில் குறி போட்டு வையுங்கள்.

எடை போடும் இடத்தில் உடல் உழைப்பும் கலந்து வரும். சாக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி வந்தவருக்கு அதனாலேயே கார்டிசால் ஏறலாம். "முன்" டியூப்புக்குமுன் 15 நிமிடம் உட்கார வையுங்கள். உட்காரும் நேரத்தைக் கங்காணியிடம் முதலிலேயே பேசி வாங்கிவிடுங்கள். ஜீப் டிரைவரிடமும் பேசுங்கள். 25 நிமிட டியூப்புக்கு வண்டி காத்திருக்க வேண்டும். ஓடும் ஜீப்பில் கொண்டையூசி வளைவில் எச்சில் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பதில் 2: தேனிப் பரிசோதனைக்கூடம்

முல்லையாறு சொன்ன நேரக் கணக்கு சரி. நான் டியூப், வெற்றிலை, ஐஸ் மூன்றையும் சொல்கிறேன்.

எடுக்கும் முறை: பஞ்சு வேண்டாம். நூல் பஞ்சில் தோய்த்து எடுத்தால் டி.எச்.இ.ஏ., டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள், சுரப்பு ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் புரதம் எல்லாம் கோளாறாகும். பின்னால் வேறு ஏதாவது பார்க்கத் தோன்றினால் வழி இருக்காது. எச்சிலைத் தானாக வழியவிடும் முறைதான் மலிவு, சுத்தம். 2 மி.லி. பாலிபுரொப்பிலீன் கிரையோ டியூப், 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய சுத்தமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா. வேறு பிளாஸ்டிக்கில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், அதனால் டியூப் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். தலையைக் குனிந்து, எச்சிலைக் கீழுதட்டுக்குப் பின்னால் ஒரு நிமிடம் சேரவிட்டு, ஸ்ட்ரா வழியாக மெல்லத் தள்ள வேண்டும். துப்பினால் நுரைதான் வரும். எடுக்க வேண்டிய 1 மி.லி. என்பது நுரையை விட்டுக் கீழே தெரியும் நீரின் அளவு. காறி எடுக்கக் கூடாது. நெஞ்சுச் சளி எச்சில் ஆகாது, காசநோய் அபாயமும் உண்டு. டியூப்பை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் உறையும்போது மூடி பிதுங்கும்.

வாய் வறண்டு வரவில்லை என்றால் எலுமிச்சை, புளி, சிட்ரிக் அமிலத் தூள் எதையும் நாக்கில் வைக்காதீர்கள். அமிலம் எலைசாவில் (ஆன்டிபாடியை வைத்து ஹார்மோனை அளக்கும் சோதனை) ஆன்டிபாடி பிணைப்பைக் கெடுத்துப் பொய்யாக உயர்ந்த எண் தரும். நல்ல சாப்பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், போதும். நெய்மீன் குழம்பு என்றாலே ஊறிவிடும்.

இனி வெற்றிலை. இதில் மூன்று தொல்லை இருக்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் எச்சிலை ஊற வைக்கும். சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றும், அமிலம் மாதிரியே அதுவும் எலைசாவுக்கு ஆகாது. மூன்றாவது சிவப்பு. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தாலும் சிவப்பு, வெற்றிலைச் சாறானாலும் சிவப்பு. ரத்தத்தில் கார்டிசால் எச்சிலைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு துளி கலந்தாலும் எண் எகிறும். புகையிலை சேர்ந்தால் நிக்கோட்டின் தன் பங்குக்குக் கார்டிசாலை ஏற்றும்.

அதற்காக அவர்களை விட்டுவிட வேண்டாம். எழுந்தவுடன் எடுக்கும் டியூப் வெற்றிலைக்கு முன்னால் என்பதால் பிரச்சினையில்லை. மாலையில் எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெற்றிலை, டீ, பீடி எல்லாம் நிறுத்த வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, துப்பும் நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. கொப்பளித்த கையோடு எடுத்தால் தண்ணீர் கலந்து எண் நீர்த்துப்போகும். 10 நிமிடம் விட்டு எடுங்கள். இரவு டியூப்பும் அப்படித்தான், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. பல் துலக்கியதும் எடுக்கக் கூடாது, ஈறு கசியும்.

சிவப்பு எது என்று கண்டுபிடிக்க உறைய வைக்குமுன்பே பாருங்கள். டியூப்பை வெள்ளைக் காகிதத்தின் முன்னால் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் நிற்க வையுங்கள். ரத்தம் என்றால் அடியில் சிவப்பு இழையாகத் தங்கலாம். வெற்றிலைச் சாயம் என்றால் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே செங்காவி. உறைந்து உருகியபின் ரத்த அணுக்கள் வெடித்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும், அப்போது பார்த்துப் பயனில்லை. சந்தேகம் என்றால் ரத்தப் புரதமான டிரான்ஸ்ஃபெரினைத் தேடும் சோதனை உண்டு. சிலர் சிறுநீருக்கான டிப்ஸ்டிக்கை எச்சிலில் தோய்த்து ரத்தம் பார்க்கிறார்கள். நம்பாதீர்கள். எச்சிலிலேயே பெராக்சிடேஸ் நொதி இருப்பதால் ரத்தம் இல்லாமலும் பச்சை காட்டும்.

ஐஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். கார்டிசால் உறுதியான மூலக்கூறு, ஒரு பகல் ஐஸில் இருந்தால் ஒன்றும் ஆகாது. கெடுப்பது பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். சுகாதார நிலையங்களில் இருக்குமே, நாலு ஐஸ் பேக் வைக்கும் தடுப்பூசி கேரியர், அது போதும். தெர்மாகோல் பெட்டியில் மீன்கடை ஐஸ் என்றால் டியூப்புகளை ஜிப் பையில் இறுக்கி மூடி வையுங்கள். உருகிய தண்ணீரில் மிதந்தால் லேபிள் போய்விடும். லேபிளை முந்தின இரவே உலர்ந்த டியூப்பில் ஒட்டி, பென்சிலால் எழுதி, மூடியிலும் எண்ணைப் போடுங்கள். மெட்டுக்கு மேலே காலை மூடுபனியில் ஈரக் கையோடு ஜெல் பேனாவால் எழுதியது மாலைக்குள் நீலக்கறை ஆகிவிடும்.

கீழே வந்ததும் மைனஸ் 20 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் வேண்டாம். பனி தானாகக் கரையும் வகை ஃப்ரிட்ஜ் அவ்வப்போது சூடேறி இறங்கும், மாதிரி பாதி உருகி உறைந்துகொண்டே இருக்கும். கையால் பனி எடுக்கும் பழைய வகை டீப் ஃப்ரீசர்தான் இதற்கு நல்லது.

சோதனைக்கூடத்தில் செய்வது: உருகவிட்டு, குலுக்கி, 1,500 ஜி (புவியீர்ப்பைப்போல் 1,500 மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்றினால் கொழகொழப்பான மியூசின் அடியில் தங்கும். மேலே உள்ள தெளிந்த நீரில் 25 மைக்ரோலிட்டர் வீதம் எலைசா தட்டின் இரண்டு குழியில். உறைய வைக்காமல் நேரே சுழற்றினால் மியூசின் உடையாது, பிப்பெட் முனையில் நூலாக இழுத்துக்கொண்டு வரும். அப்படி வந்தால் இரண்டு குழிக்கும் எண் ஒத்துப்போகாது.

தட்டுக் கணக்கு: 96 குழித் தட்டில் அளவு முன்பே தெரிந்த நிர்ணயக் கரைசல்களும் கட்டுப்பாட்டு மாதிரிகளும் போக, இரட்டையாகப் போட்டால் 38 மாதிரி. ஒருவருடைய எல்லா டியூப்பும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். தட்டுக்குத் தட்டு வேறுபாடு உண்டு, அது ஆளுக்குள் இருக்கும் மாற்றம்போலத் தெரிந்துவிடும். ஆளுக்கு 8 டியூப் என்றால் தட்டுக்கு 4 பேர், 5 தட்டு. முல்லையாறு சொன்னபடி மூன்று நாள், ஆளுக்கு 12 என்றால் தட்டுக்கு 3 பேர், 7 தட்டு. பணம் 5 தட்டுக்குத்தான் என்றால் நாளைக் குறைக்காதீர்கள், ஆளைக் குறைத்து 15 பேராக்குங்கள்.

பதில் 3: கூடலூர் செல்வி

மேலே இருவரும் சொல்லாத ஒன்று: மருந்து. கேட்காமல் விட்டால் ஆய்வே போகும். மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ போட்ட ஊசி டெக்ஸாமெத்தசோன் என்றால் உடம்பு தன் கார்டிசாலைச் சுரப்பதையே நிறுத்திவிடும், எண் தரைமட்டமாக இருக்கும். பிரெட்னிசோலோன் மாத்திரை என்றால் எலைசா அதையே கார்டிசால் என்று எண்ணி உயர்த்திக் காட்டும். "ஊசி போட்டீங்களா" என்று கேட்டால் "சத்து ஊசி" என்பார்கள். சீட்டையோ மாத்திரை அட்டையையோ கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

முகக் கிரீம் தனிக் கேள்வி. படைக்கும் நிறத்துக்கும் என்று கடையில் வாங்குகிற பல களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அதுவே கார்டிசால்தான். களிம்பு தடவிய விரலால் ஸ்ட்ராவின் வாய் வைக்கும் முனையைத் தொட்டால் போதும், எண் வானத்துக்குப் போகும். ஒரே ஒருவருக்கு மட்டும் மற்றவர்களைவிட பத்து மடங்கு வந்தால் முதலில் கையைச் சந்தேகப்படுங்கள். எடுப்பவரின் கையையும் சேர்த்து.

அதிமதுரம். இருமலுக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இங்கே நிறைய. எச்சில் சுரப்பியில் கார்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அதிமதுரம் அந்த நொதியைத் தடுக்கும். அதனால் ரத்தத்தில் இயல்பாக இருந்தும் எச்சிலில் கூடுதலாகத் தெரியும். சில மெல்லும் புகையிலையிலும் இந்த அதிமதுரச் சத்து சேர்ப்பது உண்டு.

ஹார்மோன் மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போது "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை" என்று மட்டும் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். திருவிழாவுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தனியாகக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளவை கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி, கட்டுறாமல் இருக்கும் பங்கின் கணக்கை மாற்றும். எச்சிலுக்கு வருவது அந்தக் கட்டுறாத பங்குதான். கர்ப்பிணிகளைச் சேர்க்காதீர்கள்.

பூச்சிமருந்து தெளித்த பகுதியில் அன்றைக்கு வேலை என்றால் அதையும் எழுதுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் எச்சிலை அதிகமாக ஊற வைக்கும். எச்சில் வழிய, வியர்த்து, கண்மணி சுருங்கி ஒருவர் வந்து நின்றால் டியூப்பைக் கீழே வைத்துவிட்டு அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு இறக்குங்கள். அது விஷத்தின் அறிகுறி.

எச்சில் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் எச்சில் தீட்டு. அடுத்தவர் பார்க்க வழியவிடுவதற்குப் பெண்கள் கூசுவார்கள், கூசினால் வாய் வறளும். ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார வையுங்கள், அல்லது ஒரு சேலையை மறைப்பாகக் கட்டுங்கள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இரவு டியூப்பை வைக்கச் சொல்லாதீர்கள். மாமியார் காலையில் தூக்கி எறிந்திருப்பார். இரவு டியூப்புக்கு ஆளுக்கு ஒரு சின்ன டப்பாவும் ஒரு ஐஸ் பேக்கும் கொடுத்துக் காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "இதிலே கர்ப்பம் தெரியுமா, குடிச்சது தெரியுமா, எய்ட்ஸ் பாப்பீங்களா" என்று கேட்பார்கள். இல்லை என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பதில் 4: முல்லையாறு

அமைலேஸ் பற்றியும் "இயல்பு அளவு" பற்றியும் விடுபட்டுவிட்டது.

கார்டிசால் மெதுவான வழி என்றால் ஆல்ஃபா அமைலேஸ் வேகமான வழி. நெஞ்சு படபடக்க வைக்கும் அதே நரம்புப் பாதைதான் எச்சில் சுரப்பியையும் தூண்டுகிறது. சில நிமிடங்களில் ஏறி, சில நிமிடங்களில் இறங்கிவிடும். எடைத் தட்டின் பதற்றத்தை அமைலேஸில் பிடிக்க வேண்டுமென்றால் 25 நிமிட டியூப் பயன்படாது, எடை முடிந்து 5 நிமிடத்துக்குள் இன்னொரு டியூப் வேண்டும். நாள் ஓட்டமும் தலைகீழ்: எழுந்ததும் இறங்கி, பகல் முழுக்க ஏறும். காலை எண்ணையும் மாலை எண்ணையும் நேராக ஒப்பிட்டால் எல்லாருக்கும் மாலையில் அழுத்தம் என்றுதான் வரும்.

அமைலேஸுக்கு எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்பதும் வேண்டும். கார்டிசாலுக்கு அது பெரிதாகத் தேவையில்லை. டியூப்பை எடுக்குமுன்னும் பின்னும் நகைக்கடைச் சின்னத் தராசில் எடை பாருங்கள், 0.01 கிராம் காட்டுவது. 1 கிராமை 1 மி.லி. என்று கொள்ளலாம். 4 நிமிடத்தில் 1.2 கிராம் என்றால் நிமிடத்துக்கு 0.3 மி.லி. அமைலேஸ் மி.லி.க்கு 80 அலகு என்றால் நிமிடத்துக்கு 24 அலகு. வெற்றிலையாலோ தெளிமருந்தாலோ எச்சில் இரண்டு பங்கு ஊறினால் அடர்த்தி பாதியாகத் தெரியும், ஆனால் நிமிடக் கணக்கு காப்பாற்றும். பீட்டா தடுப்பு ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அமைலேஸ் குறைவாக வரும்.

கையில் பணம் அளவாக இருந்தால் அமைலேஸை எடை நேர டியூப்புகளுக்கு மட்டும் பாருங்கள். நாள் முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை.

"எந்த அளவுக்கு மேல் அழுத்தம்?" அப்படி ஒரு கோடு கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே எண்ணை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் கடைகள் பெருகிவிட்டன. இரவு எச்சில் கார்டிசாலுக்கு ஒரு மருத்துவப் பயன் உண்டு: குஷிங் நோய்க்குறியைச் சந்தேகிக்கும்போது குறைந்தது இரண்டு இரவு எடுத்துப் பார்ப்பார்கள். அது ஹார்மோன் நோய். மன அழுத்தத்துக்கு ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்: வேலை நாளும் ஓய்வு நாளும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும். நெடுநாள் அழுத்தத்தில் காலை எண் தாழ்ந்து, இரவு எண் இறங்காமல், நாள் முழுக்கத் தட்டையாகப் போவதும் உண்டு. "குறைவாக இருக்கிறது, ஆகவே நலம்" என்று எழுதிவிடாதீர்கள்.

சரிவுக் கணக்கு எளிது. எழுந்தவுடன் லிட்டருக்கு 8.0 நானோமோல், 16 மணி நேரம் கழித்துப் படுக்குமுன் 1.6 என்றால், மணிக்கு 0.4 இறக்கம். எலைசா அறிக்கை டெசிலிட்டருக்கு மைக்ரோகிராமில் வந்தால் 27.6 ஆல் பெருக்குங்கள். இரண்டு அலகையும் ஒரே அட்டவணையில் கலந்துவிடுபவர்கள் உண்டு. எண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் என்பதால் மடக்கை எடுத்தபின் சராசரி பாருங்கள்.

இதோடு கேள்வித்தாளும் வேண்டும். 10 கேள்வி கொண்ட உணர்ந்த அழுத்த அளவுகோல், மதிப்பெண் 0 முதல் 40 வரை, கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும். டியூப் கேட்பது கடந்த அரை மணி நேரத்தை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை.

கேட்டவர்: கம்பம் மலர்

மூன்று பேருக்கும் நன்றி. 15 பேர், மூன்று நாள், 180 டியூப், 5 தட்டு என்று மாற்றிவிட்டேன். விழிப்பு ஏற்றத்தை விட்டாயிற்று. அமைலேஸுக்காக எடை முடிந்ததும் எடுக்கும் டியூப்பைத் தனியாக வைக்கிறேன். இரண்டு சந்தேகம். அளந்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. தோட்டத்தில் எதை மாற்றிப் பார்த்தால் இந்த டியூப்பில் தெரியும்? முடிவைத் தோட்ட நிர்வாகம் கேட்டால் கொடுக்கலாமா?

பதில் 5: கூடலூர் செல்வி

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஆள்வாரியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். கங்காணிக்கும் கொடுக்கக் கூடாது, தோட்டத்துக்கும் கொடுக்கக் கூடாது, வீட்டுக்காரருக்கும் கூடாது. "அந்தப் பொண்ணுக்கு டென்ஷன் ஜாஸ்தியாம்" என்று ஒரு சொல் போனால் மறுநாள் ஜீப்பில் அவருக்கு இடம் இருக்காது. டியூப்பில் பெயர் வேண்டாம், எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த நோட்டு மலை ஏறவே கூடாது, கீழே பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். தோட்டத்துக்குக் கொடுப்பது குழுவின் சராசரி மட்டும், அதையும் பெண்களைக் கூட்டி அவர்களிடம் முதலில் சொன்ன பிறகு.

மாற்றிப் பார்ப்பதற்கு: எடை நேரப் பதற்றத்துக்குக் காரணம் என்ன என்று அவர்களையே கேளுங்கள். "எத்தனை கழிச்சாங்கன்னு தெரியல" என்பதுதான் அடிக்கடி வரும் பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் எடைத் தட்டின் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். செலவு ஒன்றுமில்லை. நாளை எத்தனை மணிக்கு ஜீப், எந்தக் காடு என்பதை முந்தின மாலையே சொல்லிவிடுவது இன்னொன்று. எப்போது என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதும், தன் கையில் எதுவும் இல்லை என்பதும் கார்டிசாலை அதிகம் கிளப்பும் விஷயங்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக. ஆனால் எடையில் இருக்கும் குறையை அப்படியே விட்டுவிட்டு மூச்சை மட்டும் சரிசெய்யச் சொன்னால் அவர்கள் உங்களை நம்பமாட்டார்கள்.

பதில் 6: தேனிப் பரிசோதனைக்கூடம்

மாற்றத்துக்குப் பின் எடுக்கும் டியூப்புகள் முன் எடுத்த அதே கிழமைகளில், அதே கடிகார நேரத்தில், அதே காய் எடுப்புப் பருவத்துக்குள் இருக்கட்டும். ஒரு சுற்று காய் நிறைந்தபோதும் அடுத்தது காய் குறைந்தபோதும் என்றால் எது எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. மாற்றம் செய்த முதல் வாரத்தில் எடுக்காதீர்கள், புதுமையே ஒரு பரபரப்பு. குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். முதல் சுற்று டியூப்புகளைச் சோதிக்காமல் மைனஸ் 20இல் வைத்திருந்து, இரண்டு சுற்றையும் ஒரே தட்டில் ஒன்றாகப் போடுங்கள். ஆளுக்கு 24 டியூப் ஆகிவிடும், தட்டுக்கு ஒருவர்தான் அடங்குவார், மீதி 14 இடம் வீண். அதனால் ஒப்பீட்டுக்கு எடை நேரத்து இரண்டு டியூப்புகளை மட்டும் எடுங்கள்: மூன்று நாள், இரண்டு சுற்று, ஆளுக்கு 12. தட்டுக்கு மூன்று பேர், 15 பேருக்கு அதே 5 தட்டு. மிஞ்சும் இரண்டு இடத்தில் எல்லாருடைய எச்சிலிலும் கொஞ்சம் கலந்து செய்த ஒரு பொது மாதிரியை ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள். அந்த ஒரு எண் தட்டுக்குத் தட்டு 15 சதவீதத்துக்கு மேல் ஆடினால் அந்தத் தட்டைத் திரும்பப் போட வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு டியூப்பிலும் குறைந்தது 0.5 மி.லி. மிச்சம் இருக்கும்படி எடுத்து வையுங்கள்.